கூப்பன் அட்டை முதல் சமூக உதவிப் படிவம் வரை

ஆண்டுவிழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என மலர்க்குழுவினர் கேட்டபோது, முன்னைய ஆண்டுகளிற் போல வேற்றுமை உருபுகள் பற்றியோ, புலம்பெயர் மண்ணில் ழகரம் படும் பாடு பற்றியோ எழுதித் தரலாம் என்றே முதலில் எண்ணினோம். அவற்றை எழுதுவதில் எமக்குச் சிரமமில்லை, கூச்சமுமில்லை. ஆயின் சில ஆண்டுகளாக நெஞ்சிற் கிடந்து உறுத்தும் பொருள் ஒன்றுண்டு. அதனைத் தமிழ்ப் பள்ளி மலரில் எழுதலாமோ எனச் சிலர் ஐயுறக்கூடும். அது தொடங்கியதே தமிழ் வகுப்பில் என்பதால் எழுதத் துணிகிறோம்.

2021 ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. வகுப்பு முடிந்து பிள்ளைகள் கலைந்தபின் ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி மட்டும் எம் மேசையருகே தயங்கி நின்றாள். கையிலே மடித்த கடிதம்.

“சேர், இந்தச் சொல்லுக்குத் தமிழில என்ன?”

அவள் விரல் வைத்துக் காட்டிய சொல் ‘றூக்எர்ஷ்ராற்றுங்ஸ்பிளிக்ற்’. டொச் மொழியில் இருபத்திரண்டு எழுத்துகளைக் கோத்துச் செய்த சொல்.

“எதுக்குப் பிள்ளை கேட்கிறீர்?”

“செவ்வாய்க்கிழமை அப்பாவோட சோசியலுக்குப் போகவேணும் சேர். கையெழுத்து வைக்க முதல் அப்பா என்னைத்தான் கேட்பார். நான் பிழையாச் சொல்லிப்போட்டால்…”

வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை. அன்று காலை பாடசாலைக்கு வராமைக்குக் காரணமாக, பல்வைத்தியரிடம் செல்வதாகத் தன் சுவிஸ் ஆசிரியையிடம் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தாள் என்பதும் விசாரித்தபோது வெளிவந்தது.

நாம் சொல்லைப் பிரித்தோம். ‘றூக்’ என்பது மீள. ‘எர்ஷ்ராற்றுங்’ என்பது அளித்தல். ‘பிளிக்ற்’ என்பது கடமை. “மீளளிப்புக் கடப்பாடு” என்று சற்றுப் பெருமிதத்தோடு கூறினோம். அவள் கொப்பியில் எழுதிக்கொண்டாள். பின்பு எம்மை நிமிர்ந்து பார்த்து, “இது அப்பாவுக்கு விளங்காது சேர்” என்றாள்.

“பிறகு திருப்பிக் குடுக்கவேண்டி வரும் எண்டு சொல்லும்.”

“எப்ப குடுக்கவேணும்? எவ்வளவு?”

எமக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதிலும் பார்க்க வெட்கம் தந்தது வேறொன்று. அதே சொல்லைக் கொண்ட அதே வகைப் படிவம், நிரப்பப்படாமல், மூன்று வாரங்களாக எம் வீட்டு மேசை இலாச்சியில் கிடந்தது. நாம் அதனை வாசிக்கவே இல்லை.

இங்கு எம்மைப் பற்றிச் சிறிது கூறவேண்டியுள்ளது. 2009 வரை வன்னியில் ஆசிரியராய் இருந்தோம். மெனிக் பாம் முகாமுக்குப் பின் சில காலம் கழித்து, 2011 இல் இந்நாட்டை அடைந்தோம். அகதியென ஏற்கப்பட்டு, மனைவி மக்களையும் அழைத்து, எம்மவர் பலரையும் போல உணவகச் சமையலறையொன்றிற் சேர்ந்தோம். வெண்கட்டி பிடித்த கையில் கரண்டி ஏறியதைப் பெரிய துயராகக் கூற நாம் விரும்பவில்லை. அதிலும் ஒரு நிறைவு இருந்தது. 2020 பங்குனியில் நோய்த்தொற்றினால் நாடெங்கும் உணவகங்கள் மூடப்பட்டன. எமது உணவகம் பின்னர் திறக்கவேயில்லை. வேலையில்லாக் காப்புறுதிப் பணம் கிடைத்தது. 2021 கோடையில் அதுவும் முடிந்துபோயிற்று. அதன்பின் செல்லவேண்டிய இடம் சமூக உதவி அலுவலகம். அங்குதான் நாம் ஐந்து மாதம் செல்லாமலிருந்தோம்.

ஏன் செல்லவில்லை? அட்டை பிடித்து வரிசையில் நிற்பது எமக்குப் புதிதா என்ன?

எம் தந்தையாரும் ஓர் ஆசிரியர். அவர் காலத்தில் இலங்கையில் எல்லார் வீட்டிலும் கூப்பன் இருந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1942 இல், தொடங்கிய பங்கீட்டு முறை அது. நெடுங்காலம் ஏழை செல்வர் என்ற பேதமின்றி எல்லாருக்கும் கூப்பன் அரிசி வழங்கப்பட்டது. 1953 இல் ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக அரசு உயர்த்தியபோது, ஆவணி 12 அன்று நாடே ஹர்த்தாலில் எழுந்தது. சில வாரங்களில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். கூப்பனை எவரும் பிச்சையென்று கருதவில்லை. தமக்குரியதைக் குறைத்தார்கள் என்றே சினந்தார்கள். 1979 இல் அம்முறை மாறி, வருமானம் குறைந்தோருக்கு மட்டுமான உணவு முத்திரை வந்தது. எல்லார் கையிலும் இருந்த அட்டை சிலர் கையில் மட்டும் இருக்கும் அட்டையாய் மாறிய அன்றே அதனுடன் வெட்கமும் வந்து ஒட்டிக்கொண்டது என்பது எம் தந்தையாரின் கருத்து. அவர் பொருளியல் படித்தவரல்லர். ஆயினும் அவர் சொன்னதிற் பிழையிருப்பதாக எமக்குத் தோன்றவில்லை.

பின்னர் 1995 ஐப்பசி 30. வலிகாமம் இரவோடிரவாக எழுந்து நடந்தது. நாம் அப்போது பள்ளிச் சிறுவர். அடுத்த ஆண்டு கிளாலிக் கடனீரேரியைக் கடந்து வன்னி சேர்ந்தபோது எம் குடும்பத்துக்கு நிவாரண அட்டை கிடைத்தது. விதானையார் பதிந்து தருவார். சங்கக் கடையில் அரிசி, மா, பருப்பு, சீனி நிறுத்துத் தருவர். எமக்கு முன்னே எம் கணித ஆசிரியர் நிற்பார். பின்னே கோயில் தர்மகர்த்தா நிற்பார். பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு கதை பேசுவோம். மா வரவில்லை என்று சங்க முகாமையாளரோடு உரத்து வாதிடுவோம். எல்லாரும் இழந்திருந்த அவ்விடத்தில் எவருக்கும் மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

சுவிற்சர்லாந்தில் அப்படியான ஒரே அட்டை இல்லை. உதவிப் பணம் பெரும்பாலும் வங்கிக் கணக்குக்கே வரும், அயலவர் அறியார். எவருக்கு எவ்வளவு என்பதைத் தீர்ப்பதிற் பெரும் பங்கு வகிப்பது, நாம் ‘விசா’ என வழங்கும் வதிவிட அனுமதி அட்டையே. ‘என்’ அட்டையுடன் தஞ்சம் கோரி நிற்போருக்கும், ‘எப்’ அட்டையுடன் தற்காலிகமாக ஏற்கப்பட்ட வெளிநாட்டவருக்கும் உள்ளூரவருக்குரியதிலும் குறைந்த தொகையே உண்டு. சூரிச் மாநிலத்தில் ‘எப்’ அட்டையாளருக்கும் சில ஆண்டுகள் வழமையான சமூக உதவி வழங்கப்பட்டது. 2017 புரட்டாதி 24 இல் நடந்த வாக்கெடுப்பில் மக்கள் அதனை நீக்கினர். அகதியென ஏற்கப்பட்டோருக்குச் சுவிஸ் குடிமகனுக்குரிய அதே அளவு உண்டு. தஞ்சக் கோரிக்கை முற்றாக நிராகரிக்கப்பட்டோருக்கு 2008 முதல் அவசர உதவி மட்டுமே. பல மாநிலங்களில் அது நாளொன்றுக்குப் பத்துப் பிராங் அளவு. ஒரே ஊரவர், ஒரே கப்பலில் வந்தவர் போன்றோர், வெவ்வேறு எழுத்துகளால் வெவ்வேறு தட்டுகளில் வைக்கப்பட்டுள்ளனர். அரிச்சுவடி கற்பிக்கும் எமக்கு எழுத்தின் வலிமையை இந்நாடு வேறுவிதமாகக் கற்பித்தது.

உதவி பெறுவது அருளன்று, உரிமை என்பதையும் பின்னரே அறிந்தோம். இந்நாட்டின் உச்ச நீதிமன்றம் 1995 இல், வாழ்வதற்கு இன்றியமையாதவற்றைப் பெறும் உரிமை அரசியலமைப்பில் எழுதப்படாதபோதும் உண்டு எனத் தீர்ப்பளித்தது. 1999 சித்திரை 18 இல் மக்கள் வாக்களித்து ஏற்ற புதிய அரசியலமைப்பில் அதுவே 12 ஆம் உறுப்புரையாக எழுதப்பட்டது. இடருற்றுத் தன்னைத் தான் தாங்கவியலாத எவருக்கும், அவர் எந்நாட்டவராயினும், மனித மாண்புக்கு ஏற்ப வாழ உதவி உண்டு. செயற்படுத்துவது மாநிலங்களும், ‘கெமைண்டே’ எனப்படும் ஊராட்சிகளும். அதனால் ஒரு மாநிலத்து நடைமுறை மற்றதற்குப் பொருந்தாது. லுட்சேர்னில் இருக்கும் மைத்துனர் சொன்னதை நம்பிப் பேர்ணில் இருப்பவர் நடப்பது எம்மவரிடையே காணும் பெருந்தவறு. அளவுகளை ஒருமுகப்படுத்த, 1905 இல் தோன்றி இன்று ‘ஸ்கோஸ்’ என்று அழைக்கப்படும் சமூக உதவி மாநாட்டு அமைப்பு நெறிமுறைகளை வெளியிடுகிறது. அதன்படி அடிப்படைத் தேவைக்குத் தனியொருவருக்கு 2022 இல் மாதம் 1006 பிராங். 2025 இல் 1061 பிராங். நால்வர் கொண்ட குடும்பத்துக்கு இதன் நான்கு மடங்கன்று, 2.14 மடங்கு. வீட்டு வாடகையும் அடிப்படை மருத்துவக் காப்புறுதியும் வேறாகக் கணக்கிடப்படும்.

இவ்வளவையும் இன்று எழுதும் நாம், அன்று இரண்டு காரணங்களால் இலாச்சியைத் திறக்கவில்லை. முதலாவது, “மாஸ்டரும் சோசியல் காசிலயோ?” என்ற ஒரு கேள்வி. எவரும் அதனைக் கேட்கவில்லை. கேட்பார்கள் என நாமே நினைத்தோம். இரண்டாவது காரணத்தை வீட்டில் வாய்விட்டுச் சொல்வோம். அது கௌரவமாக ஒலிக்கும். 2018 இல் நடைமுறைக்கு வந்த குடியுரிமை விதிகளின்படி, விண்ணப்பத்துக்கு முந்திய மூன்று ஆண்டுகளில் சமூக உதவி பெற்றவர், அதனை முழுமையாகத் திருப்பிச் செலுத்தியிராவிடின், தகுதி பெறார். நோய், ஊனம், கல்வி, உழைத்தும் போதாமை ஆகிய நிலைகளைக் கருத்திற்கொள்ள இடமுண்டு. சில மாநிலங்களில் காலம் இன்னும் நீண்டது: பேர்ண், ஆர்காவ், கிறௌபுண்டன் ஆகியவற்றில் பத்து ஆண்டுகள். எமது மாநிலத்தில் மூன்று. எம் மூத்த மகள் அப்போது பதினான்கு வயதினள். பாடசாலைச் சுற்றுலா ஒன்றின்போது எல்லையில் அவளது பயண ஆவணத்தை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தார்களாம். அன்று முதல் சிவப்புக் கடவுச்சீட்டு அவளது கனவு. “பிள்ளையின் எதிர்காலத்தைக் கெடுக்கமாட்டோம்” என்று கூறி, நாம் எம் வெட்கத்தைப் பிள்ளையின் போர்வையால் மூடினோம்.

அந்த ஐந்து மாதத்தில் நடந்ததைக் கணக்காகவே கூறுகிறோம். நண்பர் இருவரிடம் கைமாற்று. கழிவு கூடிய சீட்டை அவசரத்துக்கு எடுத்தோம். மருத்துவக் காப்புறுதிக் கட்டணம் மூன்று மாதம் செலுத்தவில்லை. நினைவூட்டற் கடிதங்களைத் திறவாமல் அடுக்கினோம். முடிவில் கடன் அறவீட்டு அலுவலகத்திலிருந்து ‘பெற்றைபுங்’ எனும் ஆணை வந்து சேர்ந்தது. அப்பதிவேட்டில் பெயர் விழுந்தால், கடனைத் தீர்த்தாலும், கடன் கொடுத்தவர் மீளப் பெற்றாலன்றி ஐந்து ஆண்டுகள் பிறர் பார்வைக்கு அது தெரியும். வாடகைக்கு வீடு தேடுவோரிடம் முதலிற் கேட்பது அப்பதிவேட்டுச் சான்றையே. குடியுரிமை விண்ணப்பத்துடன் இணைக்கவேண்டியதும் அதுவே! எந்தக் கதவு அடைபடும் என்றஞ்சி ஒளித்தோமோ, அதே கதவுக்கு இன்னொரு பூட்டை நாமே வாங்கி மாட்டிவிட்டோம். இதைவிடக் கசப்பானது, சமூக உதவி பழைய கடன்களைப் பொதுவாக அடைக்காது. விண்ணப்பித்த நாளுக்கு முந்திய மாதங்களுக்கும் வழங்காது. அந்த ஐந்து மாதமும் முழுமையாக எம் தலைமேலேயே நின்றது.

தனித்து எம் மடமை மட்டுமன்று இது என்பதைப் பின்னர் வாசித்தறிந்தோம். பேர்ண் மாநிலத்தின் 2012 ஆம் ஆண்டு வரித்தரவுகளை ஆராய்ந்த பேர்ண் உயர்தொழிற் கல்லூரி ஆய்வு, உதவிக்கு உரித்துடையோரில் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர் அதனைப் பெறுவதேயில்லை என்றது. நகரங்களிலும் பார்க்கக் கிராமங்களில் இது கூடுதலாம். எல்லாரும் எல்லாரையும் அறிந்த இடமல்லவா. 2020 வைகாசியில் ஜெனீவா நகரின் வெர்நே பனிச்சறுக்கு அரங்கின் முன், இருபது பிராங் பெறுமதியான உணவுப் பைக்காக ஒரு கிலோமீற்றருக்கு மேல் மக்கள் வரிசையாய் நின்ற படத்தை உலகமே பார்த்தது. அந்த வரிசையில் நின்றோருள் விண்ணப்பிக்க உரிமையிருந்தும் அஞ்சி இருந்தவர் பலர். எமக்கு அப்படத்தில் தெரிந்தது சங்கக் கடை.

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருவோம். மாணவியின் தந்தையாருக்கு அன்றிரவே தொலைபேசி எடுத்து, “பிள்ளை பள்ளிக்குப் போகட்டும், நாம் வருகிறோம்” என்றோம். மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை. “மாஸ்டருக்குச் சிரமம் தரக்கூடாது எண்டுதான்…” என்றார். பிள்ளைக்குத் தெரிவதிலும் பார்க்க எமக்குத் தெரிவது அவருக்குக் கடினமாய் இருந்தது. அதை நாம் உணர்ந்தோம், எமக்கும் அவ்வாறேயல்லவா. ஒருவாறு இணங்கினார்.

அலுவலகத்தில் எம்மை வரவேற்ற பெண்மணி நடுத்தர வயதினர். கடுமையுமில்லை, பெருங்கனிவுமில்லை, ஓர் ஆசிரியை பரீட்சைத் தாள் பார்ப்பது போலக் கோப்பைப் பார்த்தார். நாம் யாரெனக் கேட்டார். பிள்ளைக்குப் பதிலாக வந்த தமிழாசிரியர் என்றோம். சந்திப்புக்கு நாள் குறிக்கும்போதே கேட்டிருந்தால் மொழிபெயர்ப்பாளரைத் தாமே ஒழுங்கு செய்திருப்போம், செலவும் தம்முடையதே, பிள்ளைகளை அழைத்துவருவதைத் தாம் விரும்புவதில்லை என்றார். இவ்வொரு வாக்கியத்தை அறிந்திருந்தால் எம் பள்ளியில் எத்தனை பிள்ளைகளுக்குப் ‘பல்வலி’ வராதிருந்திருக்கும்!

வாடகை ஒப்பந்தம், சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கறிக்கை, காப்புறுதிப் பத்திரம் ஆகியன ஒவ்வொன்றாகப் புரட்டப்பட்டன. பின்பு சொத்து பற்றிய கேள்வி. வேறு நாட்டில் காணி, வீடு உண்டா? மாணவியின் தந்தை எம் பக்கம் சரிந்து, “மாஸ்டர், சீதனக் காணி அரைப் பரப்புக் கிடக்குது, சீட்டும் ஒண்டு ஓடுது. சொல்லவேணுமோ?” என்று காதோடு கேட்டார்.

அந்தக் கேள்விக்கு விடை தெரியாமற் போகாதிருக்க, முன்னிரண்டு இரவுகளும் அகராதியுடன் அமர்ந்து படிவத்தையும் அதன் விளக்கக் குறிப்பையும் நாம் வாசித்திருந்தோம். வெளிநாட்டுக் குற்றவாளிகளை வெளியேற்றக் கோரி 2010 இல் மக்கள் வாக்களித்ததன் தொடர்ச்சியாக, 2016 ஐப்பசி 1 முதல் சமூக உதவியைப் பொய்யுரைத்தோ உண்மையை மறைத்தோ பெறுவது தனிக் குற்றம். சிறு விடயமாயின் தண்டப்பணம். பெரிதாயின் வெளிநாட்டவர் நாட்டை விட்டே வெளியேற்றப்படலாம். அரைப் பரப்புக் காணிக்காக அந்தப் பிள்ளையின் சுவிஸ் வாழ்வைப் பணயம் வைப்பதா? “எல்லாத்தையும் சொல்லுங்கோ” என்றோம். சொன்னார். அப்பெண்மணி சீட்டு என்றால் என்னவெனக் கேட்டார். ஏலக்கழிவை டொச் மொழியில் விளக்குவது தொல்காப்பியம் கற்பிப்பதிலும் கடினம், எப்படியோ விளக்கினோம். அவர் வியந்து, எழுதிக்கொண்டார். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. ‘ஸ்கோஸ்’ நெறிமுறையில் தனியொருவருக்கு 4000 பிராங், தம்பதியருக்கு 8000, பிள்ளைகளையும் சேர்த்துக் குடும்பத்துக்கு 10,000 வரை கையில் வைத்திருக்க இடமுண்டு. சில மாநிலங்கள் குறைவாக வைத்துள்ளன. சீட்டுப் பணம் அந்த எல்லைக்குள்ளேயே அடங்கிற்று.

பின் அந்தச் சொல்லுக்கு வந்தோம். எப்போது திருப்பிக் கொடுக்கவேண்டும்? மரபுரிமைச் சொத்தோ, பரிசுச்சீட்டோ, காணி விற்ற பணமோ வந்து நிலை நன்கு உயர்ந்தால் என்றார். வேலைச் சம்பளத்திலிருந்தும் கேட்கும் மாநிலங்கள் உண்டு. பொய் கூறிப் பெற்றதாயின் எல்லா இடத்திலும் முழுவதும். “அப்ப வட்டிக் கடன் இல்லை” என்று மாணவியின் தந்தை தமக்குள் சொல்லிக்கொண்டு கையெழுத்திட்டார். அவரை வாசல் வரை கூட்டிவந்து பேருந்தில் ஏற்றிவிட்டு, நாம் திரும்பி உள்ளே போனோம். அதே பெண்மணி முகப்பில் நின்றார். ஏதேனும் மறந்துவிட்டீர்களா என்று கேட்டார்.

“எமக்கும் ஒரு நாள் குறித்துத் தரவேண்டும்” என்றோம். இருபது பேர் கொண்ட வகுப்பில் கடைசி வாங்கு வரை கேட்கும் குரல் எம்முடையது; அன்று அவர் இரண்டாம் முறை கேட்கவேண்டியிருந்தது.

2022 தை முதல் கார்த்திகை வரை பதினொரு மாதங்கள் நாம் சமூக உதவி பெற்றோம். மாதாந்தம் ‘பட்ஜெற்’ எனும் தாள் வரும். வாரமிருமுறை அலுவலகங்களைச் சுத்தம் செய்து பெற்ற சிறு ஊதியத்தை அதிற் கழிப்பர். உழைக்கும் ஊக்கம் குன்றாதிருக்க ஒரு பகுதியை விட்டுவைப்பர். வேலை தேடிய சான்று கேட்பர். காட்டாவிடில் அடிப்படைத் தொகையில் 5 முதல் 30 விழுக்காடு வரை வெட்டலாம். ஒருமுறை எமது பணமும் வெட்டப்பட்டது. கடிதத்தின் கடைசிப் பந்தியில் முறையிடும் காலம் எழுதியிருந்தது. பெரும்பாலும் முப்பது நாள், சில இடங்களிற் குறைவு. நாம் எழுதினோம், திருத்தினார்கள். கடைசிப் பந்தியை முதலில் வாசிக்கும் பழக்கம் அன்று தொடங்கியது.

‘கரிட்டாஸ்’ வழங்கும் ‘குல்ற்றூர்லெகி’ எனும் கழிவு அட்டையையும் பெற்றோம். நீச்சற் தடாகம், நூலகம், நூதனசாலை ஆகியவற்றுக்குக் குறைந்த கட்டணம். கரிட்டாஸ் கடைகளில் மலிவு விலைப் பொருள். முதன்முறை அக்கடையில் எம் மனைவி எண்ணெய்ப் போத்தலை எடுத்துத் திரும்பியபோது, நன்கு பழகிய தமிழ்க் குடும்பத்துப் பெண்ணொருவர் எதிரே நின்றார். இருவரும் ஒருவரையொருவர் கண்டனர்; இருவரும் காணாதவர்போல் வேறு தட்டுகளைப் பார்க்கத் தொடங்கினர். சங்கக் கடையாயின் இருவரும் எண்ணெயின் தரம் பற்றி அரைமணி நேரம் பேசியிருப்பர். அடுத்த மாதம் அதே பெண்ணின் மகளது சாமத்திய வீட்டு அழைப்பிதழ் வந்தது. மண்டபம், உலங்குவானூர்தி தவிர மற்றெல்லாம். குறை கூற நாம் யார்? ஆயினும் அங்கு மடித்துக் கொடுக்கும் உறைகளும் வருமானக் கணக்கில் சேரும் என்பதைப் பலர் அறியார்.

இன்னொன்றையும் பலர் அறியார். மருத்துவக் காப்புறுதிக் கட்டணக் கழிவு, வேலையில்லாக் காப்புறுதி, முதியோருக்கும் ஊனமுற்றோருக்குமான மேலதிகக் கொடுப்பனவு, கல்வி உதவித்தொகை ஆகியன சமூக உதவியல்ல; குடியுரிமைக்கான அந்த மூன்றாண்டுக் கணக்கில் அவை வாரா. “எல்லாம் சோசியல்தான்” என்று அஞ்சி, காப்புறுதிக் கழிவைக்கூட எழுதிக் கேளாத குடும்பங்கள் எம் பள்ளியிலேயே உண்டு. சில மாநிலங்களில் அது தானாக வரும். சிலவற்றில் விண்ணப்பித்தாலே வரும்.

2022 முடிவில் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை கிடைத்தது. அங்கு ஒரு மூதாட்டி தட்டில் ஒரு பருக்கையும் மிச்சம் விடமாட்டார். ஏழைத் தாயிடமிருந்து ஊராட்சியாற் பிரிக்கப்பட்டு, பண்ணை வேலைக்கு விடப்பட்ட பிள்ளை அவர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி கடந்தும் இந்நாட்டில் அவ்வழக்கம் இருந்தது. 2013 சித்திரை 11 இல் அரசு அவர்களிடம் மன்னிப்புக் கேட்டது; பின்னர் ஒவ்வொருவருக்கும் 25,000 பிராங் வழங்கச் சட்டமியற்றியது. இம்மூதாட்டி விண்ணப்பிக்கவில்லை. ஏனென்று கேட்டோம். பட்டியலிற் பெயர் வேண்டாம் என்றார். அந்த விடையை நாம் எங்கோ கேட்டிருந்தோம்.

கடனைத் தீர்த்து, காப்புறுதி நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டு, பதிவேட்டிலிருந்து எம் பெயரை நீக்குவித்தோம். சமூக உதவி பெறாத மூன்று ஆண்டுகளை எண்ணத் தொடங்கினோம். இப்போது ஒவ்வொரு மாதமும் கடைசிச் சனிக்கிழமை, பிள்ளைகள் வகுப்பில் இருக்கும் வேளையில், பக்கத்து அறையில் பெற்றோர் சிலர் கடிதங்களுடன் வந்து அமர்கின்றனர். எமக்குத் தெரிந்ததை வாசிக்கிறோம். தெரியாததற்குச் சட்ட ஆலோசனை நிலையத்தில் நாள் குறித்துக் கொடுக்கிறோம். கரும்பலகையில் அன்றைய சொற்களை எழுதுவதுண்டு. ‘மீளளிப்புக் கடப்பாடு’ என்று ஒருநாள் எழுதியபோது, பின்வரிசையில் இருந்த தந்தை ஒருவர், “மாஸ்டர், அதை டொச்சிலயே சொல்லுங்கோ, விளங்கும்” என்றார்.

குடியுரிமை விண்ணப்பப் படிவம் இன்று எம் மேசைமேல் கிடக்கிறது, இலாச்சியில் அன்று. வாசித்துத் தருவதாக மகள் கூறினாள். அகராதியை மட்டும் எடுத்துத் தரும்படி கேட்டோம்.